நுங்குக்குச் சிரித்தவன்

ஏலே ராசா,

நேற்று டெலிபோனில் நீ சொன்ன ஒரு பேச்சு எனக்குச் சாப்பாட்டையே இறங்கவிடாமல் செய்துவிட்டது. ஆறு மாதம் வெளிநாட்டு வேலைக்குப் போகிறாய், சந்தோஷம், போய் வா. பேத்திக்கு இப்போதுதான் இரண்டு மாதம் முடிகிறது, அவளை விட்டுவிட்டுப் போக மனசு கேட்கிறதா என்று நான் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். அதற்கு நீ, “அதுக்கு என்னம்மா தெரியும்? யாரு தூக்குனாலும் ஒண்ணுதான் அதுக்கு” என்று சொல்லிச் சிரித்தாய். குழந்தை மருத்துவம் படித்த ஒருத்தியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு இப்படிச் சொல்ல உனக்கு எங்கேயிருந்து தைரியம் வந்தது? அதுவும் யார் சொல்வது? இந்தப் பேச்சு பொய் என்று குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில் ஊரைக் கூட்டி நிரூபித்தவன் நீ. ஒன்பது மாதப் பிள்ளையாக இருந்து நிரூபித்தாய். உனக்கு அது ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. தனியாக உனக்குத் தபாலில் போட்டால் படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுவாய் என்றுதான் இதைப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். நாலு பேர் படித்தால்தான் உனக்கு உறைக்கும்.

எனக்கும் உன் பெரியம்மா செல்லக்கனிக்கும் ஒரே முகம் என்பது உனக்குத் தெரியும். ஆனால் இப்போது பார்த்து அளக்காதே. அவள் மெலிந்து நான் பெருத்து, அவள் கண்ணாடி போட்டு, எங்களைக் காலம் பிரித்துவைத்துவிட்டது. அந்த நாளில் எங்களைப் பெற்ற அம்மாவுக்கே தடுமாற்றம்தான். காய்ச்சல் எனக்கு வந்தால் கஷாயம் அவள் குடிப்பாள். சண்டை அவள் போட்டால் அடி எனக்கு விழும். என் பெயரும் கனியில்தான் முடிகிறது என்பதால் ஊரில் இரண்டு பேரையும் “கனி” என்றே கூப்பிட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். யார் திரும்பிப் பார்த்தாலும் சரி என்கிற கணக்கு. எங்கள் கல்யாணம் அண்ணன் தம்பி இரண்டு பேரோடு ஒரே பந்தலில் நடந்தது. தாலியைக் கையில் வாங்கிய உன் அப்பா ஒரு நிமிஷம் திகைத்து நின்று, “ஏளா, பச்சை வளையல் நீதான?” என்று என் காதருகில் கேட்டார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். செல்லக்கனியும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

பெரியப்பா சாத்தான்குளத்தில் பூர்வீகக் கடையைப் பார்த்துக்கொண்டார். உன் அப்பா தூத்துக்குடியில் கருப்பட்டி மண்டி வைத்தார். நாங்கள் மில்லர்புரத்தில் குடியிருந்தோம். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வர ஆரம்பித்து ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சமயம். எங்களுக்கு உன் அக்கா பிறந்து ஓட ஆரம்பித்துவிட்டாள். அவர்களுக்கோ ஒன்றும் தங்கவில்லை. பார்க்காத டாக்டர் இல்லை, போகாத கோயில் இல்லை. நீ வயிற்றில் இருந்தபோது ஒருநாள் பெரியப்பா ஒரு பை நிறையப் பனங்கற்கண்டோடு வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. “தாயி, உனக்கு ஒண்ணு இருக்கு. வாரது எங்களுக்குன்னு இருக்கட்டும். கடைக்கு ஒரு ஆள் வேணும், உன் அக்காவுக்கு ஒரு உசுரு வேணும்” என்றார். கூட வந்த செல்லக்கனி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் மூச்சு விடும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. நான் சரி என்று சொல்லிவிட்டேன். இதற்காக நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை. அவள் கேட்டால் என் கண்ணையே பிடுங்கிக் கொடுத்திருப்பேன். தவிர, நீ அப்போது எனக்கு ஒரு முகம் தெரியாத ஆள். முகம் தெரியாத ஆளை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம்.

தையில் நீ பிறந்தாய். துணியில் சுற்றி என் பக்கத்தில் போட்டார்கள். கண் முழுக்கத் திறக்கவில்லை, முகமெல்லாம் சுருக்கம், பார்க்க நன்றாகவே இல்லை, சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. பால் கொடுக்கத் தூக்கினேன். குடிக்கிறதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். பிறந்த பிள்ளைக்கு ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் புகைதான், மார்பிலிருந்து தாயின் முகம் வரைக்கும்தான் அதற்கு உலகம் என்று உன் பெண்டாட்டி எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. இவன் என்னை என்னமோ கேட்கிறான் என்றுதான் தோன்றியது. கொடுத்த வாக்கு அந்த இடத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது. ஆனால் வெளியே சொல்ல வாய் வரவில்லை. செல்லக்கனி அந்தப் பக்கம் உட்கார்ந்து உன் பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

உன்னைத் தசரா சமயத்தில் கொடுப்பது என்று பேச்சு. பெரியப்பா குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு வேஷம் கட்டுவதாக நேர்ந்திருந்தார். வேஷத்தோடு சன்னதிக்குப் போய், அங்கேயே உன்னைச் செல்லக்கனி மடியில் போட்டு, அப்படியே சாத்தான்குளத்துக்குக் கூட்டிப்போவது என்று ஏற்பாடு. அதுவரைக்கும் அவள் எங்களோடு தூத்துக்குடியில் இருந்து உன்னைப் பழக்கிக்கொள்ள வேண்டும். இதில் பெரியப்பாவுக்கு ஒரு கவலையும் இல்லை. “மத்தவங்க வீட்டுல பிள்ளை ஏங்கிப் போயிரும். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. முகம் ஒண்ணு, குரல் ஒண்ணு. ஆள் மாறுனதே அவனுக்குத் தெரியாது” என்றார். ஊரில் யாரைக் கேட்டாலும் அதையே சொன்னார்கள். எவ்வளவு பெரிய வசதி என்று எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள்கூட உண்டு. ஜவுளிக்கடையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சேலை எடுத்தார்கள். ஒரே சோப்பு, ஒரே எண்ணெய், தலையில் ஒரே பூ. செல்லக்கனி நான் உன்னைக் கொஞ்சுகிற மாதிரியே கொஞ்சினாள். நான் நாக்கைச் சொடுக்கினால் அவளும் சொடுக்கினாள். அவள் சிரிப்பு என்னுடையதைவிடக் கொஞ்சம் அடக்கமானது. அதையும் விட்டுவிட்டு என்னைப் போல வாயைத் திறந்து சிரிக்கப் பழகினாள்.

சித்திரையில்தான் அந்த நுங்கு விவகாரம். உன் அப்பா சந்தையிலிருந்து நுங்குக் குலை கொண்டுவந்தார். ஒரு காயின் தலையைச் சீவியதும் மூன்று கண்ணும் பளபளவென்று தெரிந்தன. மேலே இரண்டு, கீழே ஒன்று. விளையாட்டாக அதை உன் முகத்துக்கு நேரே பிடித்தார். நீ ஒரு கணம் உற்றுப் பார்த்தாய். பிறகு பொக்கை வாயைத் திறந்து, எனக்குச் சிரிக்கிற அதே சிரிப்பை அந்த நுங்குக்குச் சிரித்தாய்! அன்றைக்குப் பெரியப்பாவும் வந்திருந்தார். அவர் தொடையைத் தட்டிக்கொண்டு, “பாத்தியா? நுங்குக்கே சிரிக்கான்! இவனுக்குப் போயி ஆத்தா முகம், பெரியாத்தா முகம்னு வித்தியாசம் தெரியப்போகுதாக்கும்!” என்றார். எனக்கு அந்த நுங்கைப் பிடுங்கி அவர் மேலேயே எறியலாம் போல வந்தது. ஆனால் உன் அப்பா விடவில்லை. நுங்கைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். கீழே இரண்டு, மேலே ஒன்று. நீ சிரிப்பை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தாய். மறுபடி நேராக்கினார், மறுபடி சிரித்தாய். “அண்ணாச்சி, கவுத்துப் பிடிச்சா சிரிக்க மாட்டேங்கானே” என்றார். பெரியப்பா அதற்குள் நுங்கைத் தோண்டிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். நீ ஏமாளி இல்லை, இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாய் என்று எனக்கு மட்டும் ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. மூளைக்குள்ளே முகத்துக்கென்றே ஓர் இடம் இருக்கிறதாம், பிறக்கும்போதே ஒரு முகத்தின் கோலம் அங்கே கோடாகப் போட்டு வைத்திருக்கிறதாம், பார்க்கப் பார்க்கத்தான் அது நிரம்புமாம். உன் பெண்டாட்டி இதைச் சொன்னபோது நான், “தெரியும், நுங்கு வைத்துப் பார்த்தாச்சு” என்றேன். அவள் விழித்தாள்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். கிளம்புவதற்கு இன்னும் நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் உன் முகத்தைப் பேத்திக்குக் காட்டு. தூக்கிக்கொண்டு டெலிவிஷனைப் பார்க்காதே. அவள் உன்னைப் பார்த்தால் நீயும் அவளைப் பார். அவள் வாயைக் குவித்தால் நீயும் குவி, அவள் ‘ங்கா’ என்றால் பதில் சொல்லிவிட்டுக் காத்திரு, அவள் முறை வரும். பேச்சு என்பதே அங்கேதான் தொடங்குகிறது. உன் அப்பா கருப்பட்டிச் சிப்பங்களுக்கு நடுவே நின்று, சுமைதூக்கும் ஆட்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சமே இல்லாமல், உன்னோடு அப்படி மணிக்கணக்காக ஊமைப்பாஷை பேசியிருக்கிறார். நீ இன்றைக்கு எந்த ஊருக்குப் போனாலும் நாலு பேரை நண்பர்களாக்கிக்கொள்கிறாய் என்றால் அது அந்த மண்டியில் படித்த படிப்பு.

மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது உன்னையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன். செல்லக்கனியும் வருவாள். கருப்பட்டி ஏற்றிப்போகும் தோணிக்குத் தலைவராக, தண்டலாக இருந்தவர் ஒருவர் தோணி ஓடாத மாதங்களில் தினமும் மண்டிக்கு வந்து உட்கார்ந்திருப்பார். மீசை என்றால் மீசை, அப்படி ஒரு மீசை. அதைப் பிடித்து இழுப்பதுதான் உனக்கு வேலை. ஆடி முடிகிற சமயத்தில் ஒருநாள் அவருடைய தம்பி வந்தார். அதே மீசை, அதே நிறம், அதே மூக்கு. கையை நீட்டி, “வா மக்கா” என்று கூப்பிட்டார். நீ சட்டென்று என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். பிறகு ஓரக்கண்ணால் அவரை ஒரு பார்வை, அண்ணனை ஒரு பார்வை, கடைசியாக என்னை ஒரு பார்வை. தண்டல் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஏசுவே! எங்க ரெண்டு பேரையும் துறைமுகத்துல ஆபீசருகளே மாத்தி மாத்திக் கூப்பிடுவாங்க. இந்தப் பொடிப்பயலை ஏமாத்த முடியலையே!” என்றார். நானும் சிரித்துவிட்டேன். பக்கத்தில் செல்லக்கனி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் என்னைப் போலச் செய்வதை இன்னும் அதிகமாக்கினாள். நீயும் அன்றிலிருந்து அவளை அதிக நேரம் பார்க்க ஆரம்பித்தாய். அவள் தூக்கினால் போவாய். போய், அவள் முகத்தையே ஆராய்ச்சி செய்வாய். மூக்கைத் தொடுவாய், உதட்டைப் பிடித்து இழுப்பாய், திரும்பி நான் எங்கே என்று தேடுவாய். அவள் என் சிரிப்பைச் சிரித்தால் உன் நெற்றி சுருங்கும்.

தசராவும் வந்துவிட்டது. குலசேகரன்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கே பார்த்தாலும் வேஷம். கரும்பச்சை முகத்தில் சிவப்பு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு காளிகள், வாலைச் சுழற்றிக்கொண்டு குரங்குகள், குறத்திகள், போலீஸ்காரர்கள், பிச்சைக்காரர்கள். பெரியப்பா ராஜா வேஷம் கட்டியிருந்தார். ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடம், தோளில் சரிகைத் துண்டு, வியர்வையில் ரோஸ் பவுடர் கரைந்து கழுத்து வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வெயில். உன்னை நான்தான் வைத்திருந்தேன். எனக்கும் செல்லக்கனிக்கும் ஒரே சிவப்புச் சேலை. ஒரு காளி நேரே உன் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நாக்கை ஆட்டியது. நீ விறைத்துப்போனாய். அழவில்லை. மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். ‘இது என்னம்மா, பயப்பட வேண்டியதா?’ என்று வாயால் கேட்டிருந்தால்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. உன்னைக் கொடுக்கப்போகிற நாள் அது. இருந்தாலும் உனக்காகச் சிரித்தேன். உடனே நீயும் காளியைப் பார்த்துச் சிரித்தாய். காளிக்கே வெட்கம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு குரங்கு வந்தாலும் சரி, பேய் வந்தாலும் சரி, முதலில் என்னைப் பார்ப்பாய், அப்புறம் சிரிப்பாய். உலகம் பயமா இல்லையா என்று பிள்ளை நம் முகத்தில்தான் படிக்கிறது. இதை உனக்கு நான் சொல்லித்தரவில்லை, நீதான் எனக்கு அன்றைக்குக் காட்டினாய்.

சன்னதியில் நெரிசல் என்பதால் கும்பிட்டு முடித்துக் கடற்கரைப் பக்கம் வந்துவிட்டோம். மணலில் செல்லக்கனி சம்மணமிட்டு உட்கார்ந்து மடியை விரித்தாள். ராஜா கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, “போடு தாயி” என்றார். உன் அப்பா கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் உன்னை அவள் மடியில் வைத்தேன். வைத்த கை வரமாட்டேன் என்றது. அதை இழுத்துக்கொண்டு நாலடி பின்னால் போனேன். நீ முதலில் அழவில்லை. செல்லக்கனி என்னைப் போல நாக்கைச் சொடுக்கி, என்னைப் போல வாயைத் திறந்து சிரித்தாள். நீ அவள் முகத்தைப் பார்த்தாய். திரும்பி என்னைப் பார்த்தாய். மறுபடி அவளை. உன் கீழுதடு பிதுங்கியது. அடுத்த கணம் நீ போட்ட கூச்சலில், போகிற காளிகளும் குரங்குகளும் அப்படியே நின்றுவிட்டன. அத்தனை பயங்கரமான முகங்களுக்குச் சிரித்தவன், அங்கே இருந்தவற்றிலேயே என் முகத்துக்கு அச்சு அசலான ஒரே முகத்தைப் பார்த்துக் கதறினாய்.

பெரியப்பா விடுவாரா? “இது சும்மா, ஆத்தா பக்கத்துல நிக்கால்லா, அதான். ரெண்டு பேரும் இடம் மாறி உக்காருங்க. யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளையை நடுவுல விடுவோம், எங்கன போறான் பாப்போம்” என்றார். உன்னை அவரே தூக்கி, சரிகைத் துண்டால் உன் கண்ணை மறைத்துக்கொண்டார். நாங்கள் இடம் மாறி உட்கார்ந்தோம். ஒரே சேலை, ஒரே பூ, இரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டு பேசாமல் இருக்கிறோம். கூட்டம் வளைத்துக்கொண்டுவிட்டது. “இதுல ஆத்தா யாருவே?” என்று ஒரு குரங்கு இன்னொரு குரங்கைக் கேட்டது. “ஆளு ஒண்ணுதாம்லே, நீ வெயில்ல ரெண்டா பாக்க” என்றது அது. உன்னை மணலில் விட்டார்கள். நீ இப்படி ஒரு பார்வை, அப்படி ஒரு பார்வை. பிறகு மணலை வாரி இறைத்துக்கொண்டு தவழ்ந்தாய் பார், நேரே என்னிடம்! ராஜா ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி மாற்றினார்கள், மறுபடி என்னிடம். தலையில் முக்காடு போட்டு முகம் மட்டும் தெரிய உட்காரவைத்தார்கள், அப்போதும் என்னிடம். கூட்டம் விசில் அடித்தது. காளி ஒன்று கையிலிருந்த சூலாயுதத்தைத் தூக்கி ஆட்டியது. எங்களைப் பெற்றவள், கட்டினவர்கள், பாடம் சொன்ன வாத்தியார் யாராலும் முடியாததை நீ இடுப்பில் அரைஞாண் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு செய்து காட்டினாய். “வாசனையை வைத்துக் கண்டுபிடித்திருப்பார், அத்தை” என்கிறாள் உன் பெண்டாட்டி. அன்றைக்கு அங்கே அடித்தது கருவாட்டு வாசனையும் சாம்பிராணியும் வியர்வையும்தான். நீ பார்த்தது முகம். அந்த முகத்தில் எங்களுக்கே தெரியாத எந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தாய் என்று நானும் செல்லக்கனியும் கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ தடவை தேடியிருக்கிறோம். கிடைக்கவில்லை.

உன் அப்பா அப்போதுதான் கடலை விட்டுத் திரும்பினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணனை எதிர்த்துப் பேசினார். “அண்ணாச்சி, அவன் தீர்ப்பு சொல்லிட்டான். ராஜா கேக்கணும்” என்றார். கூட்டம் சிரித்தது. பெரியப்பா, “நாலு நாள் அழுவான், அப்புறம் பழகிருவான்” என்று மறுபடி உன்னைத் தூக்க வந்தார். அவர் சொன்னதும் உண்மைதான், பழகியிருப்பாய். எத்தனையோ பிள்ளைகள் பழகியிருக்கின்றன. அவரைத் தடுத்தது நான் இல்லை. செல்லக்கனி மணலிலிருந்து எழுந்து எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். முகம் அப்படிப் பிரகாசமாக இருந்தது. “விடுங்க. என்னைப் பிறந்ததுல இருந்து ஒருத்தரும் இன்னாருன்னு பாத்ததில்லை. நீங்களே எத்தனை நாள் இவளை நான்னு நினைச்சுக் கூப்பிட்டுட்டு முழிச்சிருக்கீங்க. இந்தப் பிள்ளை ஒருத்தன்தான் என்னை நான்னு பாத்திருக்கான். அவன்கிட்டப் போயி நான் இவளா வேஷம் கட்ட மாட்டேன்” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “ஏளா, பிள்ளையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ” என்றாள். பெரியப்பா கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர்கள் இருவரும் சாத்தான்குளம் பஸ்ஸில் ஏறினார்கள். நாங்கள் உன்னோடு தூத்துக்குடிக்கு வந்தோம். பஸ்ஸில் நீ என் மூக்கைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாய். நான் ஜெயித்துவிட்டேன் என்று சத்தம்போட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. அவளை நினைத்தால் வாயைத் திறக்க முடியவில்லை.

நீ போய்விட்டு வரும்போது பேத்திக்கு எட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். எழுதி வைத்துக்கொள், உன்னைப் பார்த்ததும் அவள் வீல் என்று கத்துவாள். பெற்ற அப்பனையே தெரியவில்லையே என்று முகத்தைத் தொங்கப்போடாதே. அவளுக்குத் தன் ஆட்கள் யார் என்று தெரிந்துவிட்டது, அதனால்தான் அழுகிறாள், அதற்காக நீ மிட்டாய் வாங்கிக் கொடுக்க வேண்டும். ஓடிப்போய்ப் பிடுங்கித் தூக்காதே. தரையில் உட்கார். உன் முகத்தோடு இரு, வேறு யாராகவும் நடிக்காதே, பொம்மையை ஆட்டி ஏமாற்றாதே. அவள் முதலில் தன் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். உன் பெண்டாட்டி உன்னைப் பார்த்துச் சிரித்தால் பாதி வேலை முடிந்தது, அதனால் அவளோடு சண்டை வைத்துக்கொள்ளாமல் வந்து சேர். மீதி வேலைக்குப் பொறுமை வேண்டும். பொறுமையாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதை உன் பெரியம்மா கண்டுபிடித்தாள். அதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள் அவளும் பெரியப்பாவும் வந்தார்கள். வருவார்களா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. நான் வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். நீ எனக்குப் பக்கத்தில் மாவுக் கையோடு உட்கார்ந்திருந்தாய். செல்லக்கனி வாசலில் வந்து நின்றாள். எனக்கே ஒரு நிமிஷம் யாரோ என்று இருந்தது. நான் கனவிலும் உடுத்தாத கத்தரிப்பூ நிறத்தில் சேலை கட்டியிருந்தாள். தலையைக் கொண்டையாகப் போட்டிருந்தாள். பூ இல்லை. உன்னைக் கூப்பிடவில்லை, கையை நீட்டவில்லை, நாக்கைச் சொடுக்கவில்லை. நிலைப்படிக்கு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். உன்னைப் பார்த்து, தன்னுடைய சிரிப்பை, வாயை மூடிக்கொண்டு லேசாகச் சிரிக்கிற அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தாள். நீ அவளை வெகுநேரம் பார்த்தாய். வழக்கம் போலத் திரும்பி என்னைப் பார்த்தாய். நான் முறுக்கு உரலை வைத்துவிட்டு, என் உடம்பில் இருந்த அத்தனை அன்பையும் முகத்துக்குக் கொண்டுவந்து அவளைப் பார்த்துச் சிரித்தேன். நீ தரையில் கை ஊன்றினாய். என் முழங்காலைச் சுற்றிக்கொண்டு, என் சேலையில் மாவுக் கையை அப்பிவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தவழ்ந்து போனாய். அவள் மடியில் ஏறி, அவள் கன்னத்தில் இரண்டு கையையும் வைத்தாய். உன் பெரியம்மா மில்லர்புரமே கேட்கும்படி கத்தினாள்:

“ஏளா! உன்னைத் தாண்டி வாரான் பாரு! நீ இங்கன இருக்கும்போதே என்கிட்ட வாரான்!”

இப்படிக்கு,
அன்று தோற்றுப்போய்ச் சந்தோஷத்தில் அழுத
உன் அம்மா